நாளை எண்ணுங்கள், வாயைத் திறந்து கேளுங்கள்

(குடியாத்தத்தில் மகளிர் குழுக்கள் நடத்திய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவி அவர்களே, வேலூரில் காலை ஓ.பி.யை முடித்த கையோடு பஸ் ஏறி வந்திருக்கும் மகப்பேறு மருத்துவர் அம்மா அவர்களே, ஞாயிற்றுக்கிழமையிலும் பள்ளியைத் திறந்து பெஞ்சு போட்டுக்கொடுத்த தலைமையாசிரியை அவர்களே, பொன்னாடையோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் வணிகர் சங்கப் பெரியவர்களே (எனக்கு வேண்டாம், டாக்டர் அம்மாவுக்குப் போர்த்துங்கள்), இந்த வெயிலுக்கு மோர் கொடுத்த இளைஞர் மன்றத்துத் தம்பிகளே, பேரணாம்பட்டிலிருந்தும் கே.வி.குப்பத்திலிருந்தும் பீடி முறத்தைக் கீழே வைத்துவிட்டு வந்திருக்கும் என் சகோதரிகளே, எல்லோருக்கும் வணக்கம். வாசலோரம் நிற்கும் ஆண்கள் உள்ளே வந்து உட்காருங்கள். இது உங்களுக்கும் உள்ள பேச்சு.

மூன்று செய்தி சொல்ல வந்திருக்கிறேன். மாதவிடாய் எப்படி வருகிறது, கருத்தரிக்கும் நாள் எது, இரத்தசோகைக்கு என்ன சாப்பிட வேண்டும். கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்த காலமெல்லாம் நான் வீடு வீடாகச் சொன்ன பழமொழி ஒன்று உண்டு. இங்கே பாதிப் பேருக்கு அது மனப்பாடம். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்! வலிக்கிறது என்று சொன்னால்தான் மருந்து வரும். தெரியவில்லை என்று கேட்டால்தான் பதில் வரும்.

வாய் மூடியிருந்ததன் விலை என்ன என்பதை நம் மாவட்டத்துக்காரர்களுக்கு வேறு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஐடா ஸ்கடர் 1870இல் நம் இராணிப்பேட்டையில் பிறந்தவர். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள் பிரசவத்துக்கு உதவி கேட்டு அவரிடம் வந்தார்கள். அவர் அப்போது டாக்டர் இல்லை. டாக்டரான தன் அப்பாவை அழைத்துப் போகச் சொன்னார். ஆண் கை படக்கூடாது என்று மூவரும் திரும்பிவிட்டார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் செத்துப்போனார்கள். அவர் படித்து டாக்டராகி 1900இல் வேலூருக்கு வந்ததும், 1918இல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி தொடங்கியதும் நீங்கள் அறிந்த கதை. அந்த மூன்று பெண்களைக் கொன்றது நோய் மட்டுமா? வெட்கமும் சேர்ந்துதான் கொன்றது.

சரி, முதல் செய்தி. கருவைத் தாங்குவதற்காக மாதாமாதம் கருப்பையின் உட்சவ்வு தடிக்கிறது. கரு தங்காவிட்டால் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் குறைந்து, அந்தச் சவ்வு இரத்தத்தோடு உதிர்கிறது. இது கெட்ட இரத்தம் இல்லை. இதில் தீட்டும் இல்லை, தோஷமும் இல்லை. வளர்ந்த பெண்ணுக்கு 21 நாளிலிருந்து 35 நாளுக்குள் ஒருமுறை வந்தால் சரிதான். வயசுக்கு வந்த புதிதில் 45 நாள்கூட ஆகும், பிள்ளையைத் திட்டாதீர்கள். ஆனால் ஏழு நாளுக்கு மேல் நீடித்தாலும், மணிக்கொரு நாப்கின் நனைந்தாலும், ஸ்கூலுக்குப் போக முடியாமல் சுருண்டு படுத்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். "பொம்பளைன்னா அப்படித்தான்" என்று சொல்லி எத்தனை பேரை இந்த ஊர் இரத்தமில்லாமல் வெளுக்கவைத்திருக்கிறது!

கருத்தரிக்கும் நாளைப் பற்றி ஒரு குடும்பத்தின் கதையோடு சொல்கிறேன். ஊர் வேண்டாம், பேர் வேண்டாம். ஒரு மாமியார் மருமகளைத் துணை சுகாதார நிலையத்துக்கு இழுத்துக்கொண்டு வந்தார். "இன்னா நர்ஸம்மா, கல்யாணம் ஆயி ரெண்டு வருசம் ஆவுது, இவ வயித்துல ஒரு புழு பூச்சி இல்ல." அந்தப் பெண் தலை நிமிரவில்லை. மகன் எங்கே என்று கேட்டேன். பெங்களூரில் பேக்கரி வேலை. எப்போது வருவான்? "அமாவாசைக்கு அமாவாசை வந்துடுவான்மா. மூணு பேருமா மேல்மலையனூர் போறோம், புள்ள வரம் கேக்கறதுக்கு."

தினசரி காலண்டர் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தேன். நல்லவேளையாக அந்தப் பெண் மாதவிடாயின் நான்காம் நாள் தலைக்குக் குளிக்கும் தேதிகளை ஒரு நோட்டில் எழுதிவைத்திருந்தாள். 29, 30 நாளைக்கு ஒருமுறை, கடிகாரம் மாதிரி. அமாவாசையும் ஏறக்குறைய அதே கணக்கில்தானே வருகிறது? கடந்த பல மாதங்களைப் புரட்டிப் பார்த்தால், அவள் தலைக்குக் குளித்த அன்றோ மறுநாளோ அமாவாசை. மகன் வருகிறான். ராத்திரி மூன்று பேரும் பஸ் ஏறி மலையனூர் போய், நடுராத்திரி ஊஞ்சல் உற்சவம் பார்த்துவிட்டு விடியற்காலை திரும்புகிறார்கள். அன்று மாலையே அவன் பெங்களூர் போய்விடுகிறான். (பெண்கள் சிரிக்கிறார்கள்.) சிரிக்கிறீர்கள்! அந்த அம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் விளக்கினேன். கருமுட்டை வெளிவருவது அடுத்த மாதவிடாய்க்குச் சுமார் 14 நாள் முன்னால். வந்த முட்டை 12 மணி முதல் 24 மணி நேரம்தான் உயிரோடு இருக்கும். ஆணின் விந்தணு பெண் உடம்பில் ஐந்து நாள் வரை தாங்கும். ஆக, மாதத்தில் கரு தங்கக்கூடிய நாள் ஏறக்குறைய ஆறுதான். இவளுக்கு அது அமாவாசை கழிந்த சஷ்டியிலிருந்து ஏகாதசி வரை. அந்த நாளில் வெள்ளைப்படுதல் முட்டை வெள்ளைக்கரு மாதிரி வழவழவென்று நீளும், அதுவும் ஒரு அடையாளம் என்றேன். அந்தப் பெண் முதல்முறையாக நிமிர்ந்து, "ஆமாம்மா, வரும்" என்றாள். மாமியார் கொஞ்ச நேரம் காலண்டரையே பார்த்தார். "சஷ்டின்னா விரதமாச்சே நர்ஸம்மா" என்றார். பிறகு அவரே சொன்னார்: "சரி, விரதத்த நா இருக்கறேன். அதுங்க இருக்கட்டும்." (பலத்த கைதட்டல்.)

அடுத்த வருடம் அந்த வீட்டில் தொட்டில் ஆடியது. எல்லா வீட்டிலும் காலண்டரே போதும் என்று நான் சொல்லவில்லை. ஒரு வருடம் சேர்ந்து வாழ்ந்தும் கரு தங்காவிட்டால், பெண்ணுக்கு 35 வயதைத் தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலேயே, இருவரும் டாக்டரைப் பார்க்க வேண்டும். இருவரும்! விந்துப் பரிசோதனை செலவு குறைந்தது, வலி இல்லாதது. அதைச் செய்யாமல் மருமகளை மட்டும் ஸ்கேன் சென்டர் சென்டராக ஏற்றி இறக்குவது அநியாயம். இன்னொன்று: நாள் மாறி மாறி வருகிறவர்கள் இந்தக் கணக்கை நம்பிக் கர்ப்பத்தைத் தவிர்க்கப் பார்க்காதீர்கள். அதற்கு வேறு வழிகள் உண்டு, டாக்டர் அம்மா சொல்வார்கள்.

மூன்றாவது இரத்தசோகை. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் இரத்தசோகை உள்ளவர்கள் என்று 2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. முருங்கைக்கீரை, கேழ்வரகு என்று ஒரு பட்டியலோடு வந்தேன். ஆனால் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஷூ கம்பெனிப் பெண்களைப் பார்த்ததும் வேறொன்றைத்தான் முதலில் சொல்லத் தோன்றுகிறது.

காலையில் வேன் ஏறி ஆம்பூர் பக்கம் போகிறீர்கள். நாப்கினை நாலு மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் மாற்றச் சொல்லி நாங்கள் வகுப்பெடுக்கிறோம். எங்கே மாற்றுவது? தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறையிலா? பையை மாட்ட ஒரு கொக்கிகூட இல்லாத அறையிலா? பல இடங்களில் கழிப்பறைக்குப் போகவே மேஸ்திரியிடம் கைகட்டி நிற்க வேண்டும். அதனால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கிறீர்கள். வேலூர் வெயிலில், தண்ணீர் குடிக்காமல்! நீர்க்கடுப்பு வராமல் என்ன செய்யும்? பெண்களுக்குத் தனிக் கழிப்பறை வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமே சொல்லிவிட்டது. புதிதாக நாம் எந்தச் சலுகையும் கேட்கவில்லை. பள்ளிகளில் புதுயுகம் திட்டத்தில் நாப்கின் கொடுக்கிறார்கள், நல்லது. அதைப் போட மூடியுள்ள கூடை எங்கே? பெண் பிள்ளை அதைத் தாளில் சுற்றிப் புத்தகப் பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவருகிறது.

நாப்கினுக்கு 12 சதவீதம் ஜி.எஸ்.டி. போட்டார்கள். நாடு முழுக்கப் பெண்கள் குரல் கொடுத்தார்கள். 2018 ஜூலையில் அந்த வரி போனது. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்று நான் சும்மா சொல்லவில்லை, தாய்மார்களே.

நாம் கேட்பது ஐந்து: கதவு, தாழ்ப்பாள், தண்ணீர், கொக்கி, மூடியுள்ள கூடை. கம்பெனியிலும் பள்ளியிலும் பஸ் நிலையத்திலும் வேண்டும். தலைவி அம்மாவின் மேசையில் மனு இருக்கிறது. தம்பிகளே, நீங்களும் கையெழுத்துப் போடுங்கள், உங்கள் அக்காவும் மனைவியும்தான் அந்த வேனில் போகிறார்கள். நாளை திங்கட்கிழமை, சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸில் குறைதீர்வு நாள். காலை எட்டு மணிக்கு பஸ் நிலையத்துக்கு வந்துவிடுங்கள். கீரைக் கணக்கை டாக்டர் அம்மா இப்போது சொல்வார்கள். வணக்கம்.