பார்வையை மாற்றுவது போன காலமா, இருக்கும் காலமா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். வயது ஏற ஏற வாழ்க்கையைப் பற்றிய பார்வை மாறுகிறது என்பதில் இரண்டு அணிகளுக்கும் சண்டை இல்லை. அந்த மாற்றத்தைச் செய்வது கடந்து வந்த ஆண்டுகளின் அனுபவமா, எஞ்சியிருக்கும் ஆண்டுகளைப் பற்றிய உணர்வா என்பதே இன்றைய வழக்கு. எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், பட்டறிவுதான் மனிதனைப் பக்குவப்படுத்துகிறது என்றும், மகனை அடித்து வளர்த்த தாய் பேரனிடம் கனிந்து நிற்பதே அதற்குச் சான்று என்றும் சொல்லிக் கைதட்டல் வாங்கிக்கொண்டு அமர்ந்திருக்கிறார். அந்தப் பாட்டியிடம் பிறகு வருகிறேன்.

அனுபவத்தை நான் குறைத்துப் பேச வரவில்லை. நாற்பது ஆண்டுகள் வயலில் நின்றவருக்கு மேகத்தைப் பார்த்தே மழை தெரியும். நாடி பிடித்துப் பழகிய மருத்துவருக்கு நோயாளி வாய் திறக்கும் முன்பே பாதி புரிந்துவிடும். ஆனால், ஒரு காரியத்தை எப்படிச் செய்வது என்ற திறமை வேறு, வாழ்க்கையில் எது பெரிது, எது சிறிது என்ற பார்வை வேறு. திறமையை அனுபவம் தருகிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பார்வையையும் அதுவே தருமென்றால், வயதான ஒவ்வொருவரும் கனிந்தவராக இருந்தாக வேண்டும். அப்படியா இருக்கிறோம்? எழுபது வயதிலும் வரப்புத் தகராறுக்காக நீதிமன்றப் படியேறுகிறவர்களை நம் ஊர்களில் தேடிப்போக வேண்டியதில்லை.

இந்தச் சந்தேகம் சங்கப் புலவர் நரிவெரூஉத்தலையாருக்கே இருந்திருக்கிறது. புறநானூற்றின் 195ஆம் பாடலில் அவர் நரைத்துத் திரைத்த முதியோரை நோக்கி, ‘பயனில் மூப்பின் பல்சான்றீரே’ என்று முகத்துக்கு நேரே அழைக்கிறார். மூப்பு வந்தும் பயன் விளையவில்லை என்று அதற்குப் பொருள். அவர்களைத் திருத்த அவர் எடுத்த வழியைத்தான் நடுவர் கவனிக்க வேண்டும். நீங்கள் எவ்வளவோ கண்டவர்கள், கேட்டவர்கள், அதை நினைத்துப் பாருங்கள் என்று அவர் சொல்லவில்லை. கூரிய மழுப்படை ஏந்திய கூற்றுவன் வந்து கட்டி இழுக்கும்போது வருந்துவீர்கள் என்று, எஞ்சியிருக்கும் நாளை நினைவூட்டிய பிறகே, ‘நல்லது செய்தல் ஆற்றீர் ஆயினும் அல்லது செய்தல் ஓம்புமின்’ என்கிறார். அந்தச் சபையில் அனுபவத்துக்குப் பஞ்சமில்லை. அது போதாது என்று கண்டதால்தான் புலவர் காலத்தைத் துணைக்கு அழைத்தார்.

பழம்பாட்டு சாட்சியாகுமா என்று எதிரணியினர் கேட்கக்கூடும். அப்படியானால் ஆய்வுக்கூடத்துக்கே போவோம். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியராக இருக்கும் லாரா கார்ஸ்டென்சன், தமது 21ஆம் வயதில் கார் விபத்தில் சிக்கி, எலும்பு முறிந்து, மூதாட்டிகள் நிறைந்த மருத்துவமனை வார்டில் மாதக்கணக்கில் படுத்திருந்தவர். தமக்கு எது முக்கியம் என்பதே அங்கே மாறிப்போனதாக அவர் பின்னாளில் கூறியிருக்கிறார். இருபத்தொரு வயதுப் பெண்ணுக்கு எந்தப் பழுத்த அனுபவம் அந்த மாற்றத்தைத் தந்திருக்க முடியும்?

பிற்காலத்தில் அவரும் உடன் ஆய்வாளர்களும் ஓர் எளிய கேள்வியைப் பல வயதினரிடமும் கேட்டார்கள். அரைமணி நேரம் ஓய்வு கிடைக்கிறது. நெருங்கிய உறவினர், அண்மையில் அறிமுகமானவர், நீங்கள் படித்த புத்தகத்தின் ஆசிரியர், இம்மூவரில் யாரோடு அதைக் கழிப்பீர்கள்? முதியோர் பெரும்பாலும் உறவினரையே தேர்ந்தெடுத்தார்கள். இளையோரிடம் அந்தச் சாய்வு இல்லை. இதுவரை கேட்டால் எதிரணியினர் மகிழ்ந்துகொள்ளலாம். ஆனால், தனியாகத் தொலைதூரம் குடிபெயரப் போவதாக எண்ணிக்கொள்ளச் சொன்னதும் இளையோரும் முதியோரைப் போலவே நெருங்கியவரைத் தேடினார்கள். புதிய மருந்தொன்று இன்னும் 20 ஆண்டுகள் ஆயுளைக் கூட்டும் என்று எண்ணிக்கொள்ளச் சொன்னதும், முதியோருக்கு இருந்த அந்தச் சாய்வு மறைந்துவிட்டது. அந்த முதியவருடைய அனுபவம் ஒரு நொடியில் எங்கே போயிற்று, நடுவர் அவர்களே? அது அப்படியேதான் இருந்தது. முன்னால் இருந்த காலம் மட்டும்தான் நீண்டது.

கற்பனைக் கேள்விக்குக் கற்பனைப் பதில் என்று இதையும் தள்ளிவிட்டால், ஹாங்காங் இருக்கிறது. 1997 ஜூலை 1ஆம் நாள் அந்த நகரம் பிரிட்டனிடமிருந்து சீனாவின் கைக்கு மாறியது. அதற்கு ஓராண்டுக்கு முன் அங்கே இதே கேள்வியைக் கேட்டபோது, இளையோருக்கும் முதியோருக்கும் வழக்கமான வேறுபாடு தெரிந்தது. நாள் நெருங்க நெருங்க, ஏதோ ஒன்று முடியப்போகிறது என்ற உணர்வு நகரைக் கவ்விய வேளையில், இளையோரும் நெருங்கிய முகங்களையே நாடினார்கள். கைமாற்றம் முடிந்து வாழ்க்கை தொடர்ந்ததும் பழைய வேறுபாடு திரும்பி வந்துவிட்டது. முடிவு கண்ணுக்குத் தெரிந்த அளவில் கூடியும் விலகியும் போகிற ஒரு பார்வையை, ஆண்டாண்டாகச் சேர்த்த அனுபவத்தின் கணக்கில் எப்படி எழுத முடியும்?

இனிப் பாட்டியிடம் வருகிறேன். மகனை வளர்த்தபோது அவள் இருபது ஆண்டுகளுக்குப் பிறகு அவன் என்ன ஆவான் என்ற கவலையோடு வளர்த்தாள். அந்தக் கவலைதான் பிரம்பை எடுத்தது. பேரனுடைய இருபதாவது ஆண்டைத் தான் பார்ப்போமா என்பது அவளுக்கு நிச்சயமில்லை. ஆகவே, அவளுக்கு வேண்டியதெல்லாம் இன்று மடியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை. அனுபவம்தான் அவளைக் கனிய வைத்தது என்றால், ஐந்தாறு பிள்ளைகளை வளர்த்த அந்தக் காலத்துத் தாய், கடைக்குட்டியின் படிப்பு விஷயத்திலாவது பிரம்பைக் கீழே வைத்திருக்க வேண்டாமா? (கடைக்குட்டிகள் இந்த அவையில் இருந்தால் சாட்சி சொல்லலாம், செல்லம் கிடைத்தது, மதிப்பெண் குறைந்த நாளில் அடியும் கிடைத்தது என்றுதான் சொல்வார்கள்.)

எதிரணியில் அடுத்துப் பேச வரும் நண்பர் பாட்டியையும் பழமொழிகளையும் சற்றே ஓரமாக வைத்துவிட்டு, கைமாற்றத்துக்கு முன் முதியவர் போலவும் பின் இளைஞர் போலவும் விடை சொன்ன அந்த ஹாங்காங் இளைஞர்கள், இடைப்பட்ட மாதங்களில் எந்த அனுபவத்தைப் பெற்று எந்த அனுபவத்தை இழந்தார்கள் என்பதற்கு மட்டும் பதில் சொல்லட்டும்.