குடமிளகாய் பக்கத்துல பச்சை மிளகாய் நின்னா காரம் ஏறுமா?

வணக்கம். தக்கலையில இருந்து ஒரு அக்கா கேட்டிருக்காங்க: "மாடியில குடமிளகாயும் பச்சை மிளகாயும் பக்கம் பக்கமா நிக்குது. தேனீ ரெண்டுலயும் மாறி மாறி உக்காருது. குடமிளகாய் காரமாயிருமா? தொட்டியை மாத்தி வைக்கவா?"

வேண்டாம் அக்கா, இருந்த இடத்துலயே இருக்கட்டும். இப்ப காய்க்கிற காய்க்கு ஒண்ணும் ஆகாது. காரம் விதையில ஊறுறதில்ல. விதை ஒட்டிக்கிட்டு இருக்கே, அந்த வெள்ளைச் சவ்வுல ஊறுது. அந்தச் சவ்வும் சதையும் முழுக்கத் தாய்ச்செடியோடது. வெளிய இருந்து வந்த மகரந்தத்தோட குணம் விதைக்குள்ள மட்டுந்தான் போகும்.

விதை எடுத்து வைக்கப் போறீங்கன்னா கதையே வேற. காரக் குணம் மேலோங்கி நிக்கிற குணம். கலந்த விதையை முளைக்கப் போட்டா அந்தச் செடி காரமாத்தான் காய்க்கும்.

நாளைக்குக் காலையில ஒரு பூவைக் கிட்ட வச்சுப் பாருங்க. வெள்ளை இதழுக்கு நடுவுல ஊதா கலந்த நீலத்துல அஞ்சாறு மகரந்தப் பை நிக்கும். பூ விரிஞ்ச பிறகு அது நெடுகக் கீறிப் பொடி வரும், நகத்துல தொட்டா ஒட்டும். ஆணும் பெண்ணும் ஒரே பூவுல இருக்கு. காத்துல செடி ஆடினாலே காய் பிடிச்சிரும். ஆனா சில பூவுல சூலகமுடி, அதாவது பொடி வந்து ஒட்டுற பெண் பாகத்து நுனி, மகரந்தப் பையைத் தாண்டி நீட்டிக்கிட்டு நிக்கும். அங்க தேனீ கொண்டு வர்ற பொடி முந்திக்கும். நம்ம குமரி மாவட்டத்துல, அதுவும் மார்த்தாண்டம் பக்கம், தேன்பெட்டி நிறைய. கலப்பு நடக்கத்தான் செய்யும். அதுக்காகத் தேனீயை விரட்டிராதீங்க. மகரந்தம் நல்லா விழுந்தா விதை கூடும், குடமிளகாய் கோணாம பெருசா வரும்.

விதைக்கு ஒரு வழி சொல்றேன். நாளைக்கு விரியப் போற மொட்டா நாலஞ்சு பாத்து மெல்லிய வலைத்துணிப் பையைக் கட்டுங்க. காலையில கிளையை லேசா சுண்டி விடுங்க. பிஞ்சு பிடிச்சதும் பையை எடுத்துட்டு காம்புல ஒரு நூல் கட்டி விடுங்க. நல்லா பழுத்த பிறகு அந்தக் காயில மட்டும் விதை எடுங்க. சான்று விதை போடுறவங்க 200 மீட்டர் தள்ளி நடுவாங்க. மாடியில அது நடக்காது, இந்தப் பைதான் நமக்கு.

ஹைப்ரிட் செடியா இருந்தா பை கட்டியும் பிரயோஜனமில்ல, விதை தாய் மாதிரி வராது. காந்தாரி மிளகாயும் வைக்கலாமான்னு அடுத்து கேப்பீங்க. அது இனமே வேற, பூவே பச்சை சாயலா இருக்கும், குடமிளகாயோட அவ்வளவு லேசா கலக்காது. தாராளமா வைங்க.