கால்வாய்க் கரையில் சைக்கிள்: பாளையங்கோட்டைத் தம்பியின் கேள்விக்கு

வணக்கம். போன வாரம் மடைகளைப் பற்றி, அதாவது குளத்திலும் கால்வாயிலும் தண்ணீரைத் திறந்துவிடுகிற வாய்களைப் பற்றிப் பேசியிருந்தேன். அதைப் பார்த்துவிட்டுப் பாளையங்கோட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணாச்சி, கிராவல் சைக்கிள் வாங்கலாம் என்று இருக்கிறேன். நம்ம திருநெல்வேலிப் பக்கம் அதை ஓட்டுவதற்குப் பாதை இருக்கிறதா? கியர் எத்தனை வேண்டும்?"

கியருக்கு அப்புறம் வருகிறேன். "பாதை இருக்கிறதா" என்றாரே, அந்த வார்த்தை இரண்டு நாளாக என் மனதிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. இருக்கிறது தம்பி. பல நூறு வருஷமாக இருக்கிறது. அதன் மேல்தான் நம்ம ஊர்க்காரர்கள் மாட்டுக்குப் புல்லும் பால் கேனும் கொண்டுபோய்க்கொண்டிருக்கிறார்கள்.

முதலில் அந்த சைக்கிள் என்ன என்று தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. பந்தய சைக்கிள் போல ஹேண்டில்பார் வளைந்திருக்கும். ஆனால் டயர் அகலம், பெரும்பாலும் 38 முதல் 45 மில்லிமீட்டர். காற்றைக் கொஞ்சம் குறைவாக வைத்துக்கொண்டு சரள் மண்ணில் ஓட்டலாம். சரி, இப்போது உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ நிற்கிற கறுப்பு சைக்கிளின் டயரைப் பாருங்கள். 28 x 1½ என்று அச்சடித்திருக்கும். ஒன்றரை அங்குலம். மில்லிமீட்டர் கணக்கில் அது 40 அகல டயர். புதிதாக வந்திருக்கும் சைக்கிளின் டயரும் தாத்தா ஓட்டிய சைக்கிளின் டயரும் அகலத்தில் ஒன்றுதான். மண் பாதைக்கு இந்த அகலம் பொருந்தும் என்று நம்ம ஆட்களுக்கு எப்போதோ தெரியும்.

கோபாலசமுத்திரம் பக்கம் ஒருநாள் கால்வாய்க் கரையில் போய்க்கொண்டிருந்தேன். பின்னால் மணிச் சத்தம். திரும்பிப் பார்த்தால் ஒரு பெரியவர், இரண்டு பக்கமும் பால் கேன் தொங்க, என்னைத் தாண்டிப் போனார். அறுபத்தைந்து வயதுக்குக் குறையாது. கியர் கிடையாது. மூச்சு வாங்கவில்லை. டீக்கடையில் மறுபடி பார்த்தபோது கேட்டேன், "எப்படி அய்யா மிதிக்கிறீங்க?" "கால் கூடவேதான தம்பி போறோம், இதில என்ன ஏத்தம் இருக்கு?" என்றார். கால் என்றால் இங்கே கால்வாய்.

அவர் சொன்னதுதான் இந்த வீடியோவில் நான் சொல்ல வந்தது. குளங்களைப் பற்றிப் பேசும்போதும் சொன்னேன், மடையைப் பற்றிப் பேசும்போதும் சொன்னேன், மறுபடியும் சொல்கிறேன்: தண்ணீர் மேடேறாது. அணைக்கட்டிலிருந்து பிரிகிற கால்வாய் மிக மிக மெதுவாகச் சரிந்துகொண்டே போகும். வேகமாக இறங்கிவிட்டால் கீழே உள்ள வயலுக்கு மட்டும்தான் பாயும். அதனால் உயரத்தை விட்டுக்கொடுக்காமல், நிலம் வளைகிற இடத்தில் தானும் வளைந்து போகிறது. அதன் கரையில் போகிற சைக்கிளுக்கும் அதே சரிவுதான். வாட்டம், அதாவது தண்ணீர் ஓடுகிற சரிவு, பார்த்து வெட்டியவர்கள், தங்களுக்குத் தெரியாமலே நமக்குச் சைக்கிள் பாதை போட்டுத் தந்துவிட்டார்கள்.

தாமிரபரணியில் 8 அணைக்கட்டுகள், அவற்றிலிருந்து 11 கால்வாய்கள். கடைசியில் உள்ள ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு மட்டும் வெள்ளைக்காரன் காலத்தது, மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. இவற்றில் எனக்குப் பிடித்தது கன்னடியன் கால்வாய். கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை, கோபாலசமுத்திரம் என்று ஆற்றுக்குத் தெற்கே வருகிறது. இதை வெட்டியவரைப் பற்றி ஒரு கதை உண்டு. ஊருக்கு ஊர் கொஞ்சம் மாற்றிச் சொல்வார்கள். கன்னட தேசத்திலிருந்து வந்த ஒருவர் ஒரு பசுவின் பின்னாலேயே நடந்தாராம். பசு போன வழியெல்லாம் கால்வாய், சாணி போட்ட இடத்தில் மடை, படுத்த இடத்தில் குளம். கதைதான். ஆனால் மாடு மேய்த்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். சரிவில் மாட்டை அதன் போக்கில் விட்டால் நேரே மேடேறாது, நேரே இறங்காது, குறுக்காக, சமமாகவே நடக்கும். கால்வாய்க்கு வேண்டிய வாட்டமும் அதுதான். அந்தக் கதையைக் கட்டியவருக்கு நிலம் தெரிந்திருக்கிறது.

கல்லிடைக்குறிச்சியில் இறங்கிக் கிழக்கே மிதித்துப் பாருங்கள். இடது கைப் பக்கம் ஆறு வரைக்கும் வயல். வலது கைப் பக்கம் உடைமரமும் பனையும் நிற்கிற பொட்டல், சரள் மேடு. தண்ணீர் எட்டும் பூமியும் எட்டாத பூமியும் பிரிகிற கோட்டின் மேல் உங்கள் சக்கரம் ஓடுகிறது. இதை நான் எத்தனை தடவை பார்த்திருக்கிறேன், இன்னும் சலிக்கவில்லை.

வழி முழுவதும் மண் பாதை என்று நினைத்துவிடாதீர்கள். சில இடத்தில் தார் போட்டிருக்கும், சில இடத்தில் முள் அடைத்துக் கிடக்கும், ஊருக்குள் இறங்கி ஏற வேண்டியிருக்கும். இறங்குங்கள், அதில் நஷ்டமில்லை. கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் காய்வதைப் பார்க்கலாம், பத்தமடையில் கோரைப் பாய் நெய்கிற வீட்டு வாசலில் பத்து நிமிஷம் நிற்கலாம். வீரவநல்லூரிலிருந்து திருப்புடைமருதூர் பக்கம்தான். கடனாநதி தாமிரபரணியில் சேருகிற ஊர். கோயில் கோபுரத்துக்குள் நிலை நிலையாகச் சுவர் ஓவியங்களும் மரச் சிற்பங்களும் இருக்கின்றன. ஊர் மரங்களில் பறவைகள் கூடு கட்டும். 2005-ல் பறவைக் காப்பகமாக அறிவித்தார்கள். அங்கே மணியடிக்காமல் போங்கள்.

இன்னொரு நாள் திருநெல்வேலியிலிருந்து கிழக்கே போகலாம். நம்ம டவுன் கடல் மட்டத்துக்கு 47 மீட்டர்தான் உயரம். கடலுக்கோ சாலை வழியில் 50 கிலோமீட்டருக்கு மேல். கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூட இறக்கம் இல்லை. அந்தப் பக்கத்தில்தான் ஆதிச்சநல்லூர். பழங்காலத்தில் இறந்தவர்களைப் பெரிய மண் தாழிகளில் வைத்துப் புதைத்த 114 ஏக்கர் பறம்பு, அதாவது மேட்டு நிலம். தொல்லியல் ஆய்வாளர் அலெக்சாண்டர் ரீ 1899-ல் தொடங்கித் தோண்டிய இடம். அங்கே மேலே இருப்பது என்ன தெரியுமா? சரள் மண். சரளைத் தோண்டி, அடியில் உள்ள பாறையையும் குடைந்து, அந்தக் குழிக்குள் தாழிகளை இறக்கியிருக்கிறார்கள். நெல் விளைகிற மண்ணை விட்டுவிட்டுச் சரள் மேட்டை இறந்தவர்களுக்கு ஒதுக்கினார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. பறம்பின் மேல் சைக்கிளை ஏற்றவே கூடாது. சாலையோரம் நிறுத்திவிட்டு, 2023-ல் திறந்த அருங்காட்சியகத்தில் கண்ணாடித் தளத்துக்குக் கீழே இருக்கும் தாழிகளைப் பாருங்கள்.

அதைவிட முக்கியமாக ஒன்று. கரை என்பது பாதை இல்லை. தண்ணீரைத் தாங்கி நிற்கிற சுவர் அது. 2023 டிசம்பர் 17, 18-ல் பெய்த மழையில் ஆற்றின் கீழ்ப்பக்கம் எத்தனை கரைகள் உடைந்தன, எத்தனை ஊர்கள் தண்ணீரில் நின்றன என்று நாம் பார்த்தோம். மழை பெய்து கரை ஊறியிருக்கும்போது சக்கரம் ஓட்டினால் தடம் விழும். அடுத்த மழைக்கு அந்தத் தடத்தில் தண்ணீர் ஓடும், கரை அரிக்கும். பிசானத்துக்கு, அதாவது வடகிழக்குப் பருவமழைக் கால நெல்லுக்கு, நடவு நடக்கிற நாட்களில் கரையை விவசாயிகளுக்கு விட்டுவிடுங்கள். மண்ணை ஒரு கை எடுத்துப் பிடித்துப் பாருங்கள், உருண்டையாக நின்றால் அன்றைக்குத் தார் ரோட்டில் போங்கள். இதில் மட்டும் நான் பிடிவாதமாக இருப்பேன்.

சரி, தம்பி கேட்ட கியர். கரைக்கு ஒன்று போதும். மணிமுத்தாறு, பாபநாசம் என்று மலையடிவாரத்துக்குப் போக ஆசை இருந்தால் கியர் வேண்டும். காற்று 35 பவுண்டு வாக்கில் வையுங்கள், உங்கள் எடையைப் பார்த்துக் கொஞ்சம் கூட்டலாம். உடைமுள் குத்தும், கட்டாயம் குத்தும். அதனால் ஒரு டியூபும் கைப்பம்பும் எப்போதும் கூட இருக்கட்டும். தேரிக்காட்டுப் பக்கம் போனால் இந்த டயரும் உதவாது, செம்மணலில் புதைந்துவிடும், தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.

புது சைக்கிள் வாங்கப் பணம் சேரும் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். வீட்டில் கறுப்பு சைக்கிள் இருந்தால் பிரேக் கட்டையை மாற்றி, செயினுக்கு எண்ணெய் விட்டு எடுத்துக்கொண்டு வாருங்கள். கார் என்கிற முதல் போக நெல் சாகுபடிக்கு ஜூன் தொடக்கத்தில் தண்ணீர் விடுவது வழக்கம், அணையில் இருப்பைப் பொறுத்து முன்பின் ஆகும். அப்போது கால்வாயும் ஓடும், மேற்கேயிருந்து மேல்காற்றும் அடிக்கும். அதனால்தான் கல்லிடைக்குறிச்சி வரை ரயிலில் போய்க் கிழக்கு நோக்கித் திரும்பி வரச் சொல்கிறேன், காற்று முதுகில் இருக்கும். வருகிற வழியில் மடைகளை எண்ணிக்கொண்டே வாருங்கள். கோபாலசமுத்திரம் வருவதற்குள் எத்தனை எண்ணினீர்கள், எதில் பழைய கல் இன்னும் நிற்கிறது என்று எனக்கு எழுதுங்கள், அடுத்த வீடியோவில் வாசிக்கிறேன்.