ராயல் கிரசென்ட்டின் கொல்லைப்புறம்

நேயர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்தின் பாத் நகருக்குப் போகிறவர்களில் பலர் ராயல் கிரசென்ட் வீடுகளின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். பின்பக்கத்துக்கும் ஒரு நடை போய் வாருங்கள் என்று அவர்களைக் கேட்டுக்கொள்வேன். இந்தக் கட்டடம் எப்படி உருவானது என்பது அங்கேதான் விளங்கும்.

முன்பக்கம் எல்லோரும் அறிந்ததே. தந்தையின் பெயரையே தாங்கிய இளைய ஜான் வுட் வடிவமைத்து, 1767இல் வேலை தொடங்கியது. மொத்தம் 30 வீடுகள். தோளோடு தோள் ஒட்டி, பிறைபோல் வளைந்து, ஒரே மாளிகையாகத் தெரிகின்றன. தேன் நிறச் சுண்ணாம்புக்கல்லில் 114 தூண்கள். அவை தரையிலிருந்து எழவில்லை. தரைத்தளத்தை எந்த அலங்காரமும் இன்றி வெறுமையாக விட்டு, அதற்கு மேலிருந்தே தூண்களை நிறுத்தினார் வுட். கதவுகள் இருக்கும் தளம் அடக்கமாக இருப்பதால் மேலே உள்ள தூண் வரிசை இன்னும் கம்பீரமாகத் தெரிகிறது. நடுவீட்டில் மட்டும் தூண்கள் இரட்டையாக நிற்கின்றன. அந்தச் சிறிய அழுத்தம் இல்லாவிட்டால், இவ்வளவு நீளமான வளைவில் கண் எங்கே நிலைகொள்வது என்று தெரியாமல் தவித்திருக்கும்.

இப்போது பின்னால் வாருங்கள். ஒரு வீடு நீண்டிருக்கிறது, அடுத்தது குறுகியிருக்கிறது. கூரைகள் ஏறி இறங்குகின்றன. பக்கத்துப் பக்கத்து ஜன்னல்கள்கூட ஒரே மட்டத்தில் இல்லை. சுவரெங்கும் குழாய்கள். இது கவனக்குறைவால் வந்ததன்று. முகப்புக்குத்தான் வுட்டின் வரைபடம். முகப்பில் ஆளுக்கு ஒரு துண்டு வாங்கியவர்கள், தங்களுக்குப் பிடித்த கொத்தனாரை வைத்து, அதன் பின்னால் தேவைக்கேற்ப வீடு கட்டிக்கொண்டார்கள். வெந்நீர் ஊற்றை நாடிப் பருவகாலத்தில் வந்து குவிந்த செல்வர்களுக்கு வாடகைக்கு விடும் நகரம் அது. வருகிற குடும்பங்களும் பல அளவில் இருந்தன.

முன்னால் பகட்டு, பின்னால் அலங்கோலம் என்று இதைக் குறை சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. முப்பது வீட்டுக்காரர்களை ஒரே முகப்புக்குச் சம்மதிக்கவைத்ததும், உள்ளே தலையிடாமல் ஒதுங்கிக்கொண்டதும் ஒரே திட்டத்தின் இரண்டு பாதிகள். முதல் பாதியை மட்டும் பாராட்டுவது நியாயமன்று.

எதிரே உள்ள புல்வெளியையும் மறக்கக் கூடாது. வேலிக்குப் பதிலாக நடுவே பள்ளம் வெட்டி, அதன் ஒரு பக்கத்தில் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் மேய்ந்த ஆடுமாடுகளால் ஏறி வர முடியவில்லை. வீட்டிலிருந்து பார்த்தாலோ தடுப்பே தெரியாமல் பச்சை தொடர்ந்து ஓடுகிறது.

இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல் நடந்த ஜெர்மானியக் குண்டுவீச்சில் சில வீடுகள் உள்ளே எரிந்து, பின்னர் சீரமைக்கப்பட்டன.

1970களில் வேறொரு சிக்கல். 22ஆம் எண் வீட்டுக்காரர் கதவுக்கு மஞ்சள் வண்ணம் பூசினார். வரிசையின் ஒருமை கெடுகிறது என்று நகராட்சி நோட்டீஸ் அனுப்பியது. அவர் விடவில்லை, மேல்முறையீடு செய்து வென்றார். முகப்பிலேயே ஒருவர் தன் விருப்பத்தை நிலைநாட்டிய அந்தக் கதவையும் தவறாமல் பாருங்கள்.