கண்டி ஏரிக்கரையில் பாதியில் நிற்கும் சுவர்: நாயக்க ராசாக்களின் 76 வருடம்

வணக்கம் மக்களே. கண்டி ஏரிக்கரையில் நிற்கிறேன். வெயில் ஏறுவதற்குள் இந்தச் சுவரை உங்களுக்குக் காட்டிவிட வேண்டும் என்று தோட்டத்திலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தேன். பின்னால் வாகனச் சத்தம் கேட்கும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதோ பாருங்கள், மேகம் மேகமாக வளைந்து வளைந்து போகிறதே, இதைச் சிங்களத்தில் வலாகுளு பெம்ம என்பார்கள். மேகச் சுவர். முக்கோணமாகத் தெரிகிற இந்தப் பொந்துகள் எல்லாம் விளக்கு வைப்பதற்கு. அத்தனையிலும் திரி எரிந்தால் தண்ணீரில் எப்படித் தெரிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இப்போது அப்படியே என்னோடு நடந்து வாருங்கள். இங்கே நின்றுவிட்டது, பார்த்தீர்களா? ஏரியில் பாதிச் சுற்றுக்குத்தான் சுவர் இருக்கிறது. மீதியைக் கட்டி முடிக்க ராசா இல்லை. பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

அந்த ராசா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். இலங்கையின் கடைசி அரசர். அவருடைய பிறந்த பெயர் கண்ணுசாமி. நான் சின்ன வயதில் என் அப்பாயி 'கண்டி ராசா கதை' என்று சொல்லும்போது அந்த ராசாவை நம் ஊர்க்காரர் மாதிரியே பேசுவார். பள்ளிக்கூடத்தில் அதே ராசாவைப் பற்றிப் படித்தபோது பாடத்தில் பாதியும் அப்பாயி சொன்னதில் பாதியும் ஒட்டவே இல்லை. அதனால்தான் இன்று முழுக்கதையையும் பேசலாம் என்று வந்தேன்.

கதை 1739-ல் தொடங்குகிறது. வீர நரேந்திரசிங்கன் என்ற அரசர் இறந்துபோகிறார். சிங்கள அரச வம்சத்தில் கடைசி ஆள் அவர்தான். அவருக்கு ஒரு மகன் இருந்தான், உனம்புவே பண்டார. ஆனால் அந்தப் பையனின் அம்மா அரச குலத்துப் பெண் இல்லை. கண்டியில் அப்போது ஒரு வழக்கம் உறுதியாக இருந்தது. அரியணை ஏறுகிறவனுக்கு அப்பா மட்டும் போதாது, அம்மாவும் க்ஷத்திரியப் பெண்ணாக இருக்க வேண்டும். இந்தத் தீவுக்குள் அப்படிப் பெண் கிடைக்காமல்தான் கண்டி அரசர்கள் மதுரைப் பக்கத்து நாயக்கர் குடும்பங்களில் பெண் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே மகனை விட்டுவிட்டு, ராணியின் உடன்பிறந்தவரை அரியணையில் உட்கார வைத்தார்கள். அவர்தான் ஸ்ரீ விஜய ராஜசிங்கன், முதல் நாயக்க அரசர்.

இதில் எனக்கு எப்போதும் மனதை உறுத்துகிற ஒரு விஷயம் உண்டு. மதுரையில் நாயக்கர் ஆட்சி 1736-ல் முடிந்துவிட்டது. ராணி மீனாட்சியோடு சரி. அங்கே வீடு இடிந்து மூன்றே வருடம், அந்த இனத்தின் ஒரு கிளை கடல் தாண்டி, மலையேறி வந்து இங்கே ராச்சியம் பெறுகிறது. இவர்கள் படை திரட்டி வந்து நாடு பிடித்தவர்கள் இல்லை. பெண் கொடுத்த வீட்டுக்காரர்கள். வீட்டில் தெலுங்கு, எழுத்துக்குத் தமிழ், வழிபாட்டில் திருநீறு.

சரி, இவர்களுக்குப் பின் அரியணை எப்படிப் போனது என்று பாருங்கள். ஸ்ரீ விஜயனுக்குப் பிறகு அவருடைய ராணியின் சகோதரர் கீர்த்தி ஸ்ரீ. அவருக்குப் பிறகு அவர் தம்பி ராஜாதி ராஜசிங்கன். அவருக்குப் பிறகு ராணி வழி உறவுக்காரப் பையன் கண்ணுசாமி. நான்கு அரசர்கள், 76 வருடம், அப்பாவிடமிருந்து மகனுக்கு ஒரு தடவைகூட முடி போகவில்லை. தாய் அரச குலம் வேண்டும் என்ற எந்த வழக்கம் இவர்களை உள்ளே கொண்டுவந்ததோ, அதே வழக்கம் இவர்களைக் கடைசி வரைக்கும் விருந்தாளியாகவே வைத்திருந்தது. ஒவ்வொரு தடவையும் அடுத்த ராசா யார் என்பதில் பிரதானிகளின், அதாவது அரசவைப் பிரபுக்களின், கை இருந்தது.

நான்கு பேரில் நான் அதிகமாக மதிக்கிறவர் கீர்த்தி ஸ்ரீ. 1747 முதல் 1782 வரை, 35 வருடம் ஆண்டார். அவர் காலத்தில் இலங்கையில் முறைப்படி உபசம்பதா, அதாவது முழுத் துறவு தீட்சை, பெற்ற பிக்கு ஒருவர்கூட இல்லை. பரம்பரையே அறுந்துபோயிருந்தது. அதற்காகச் சீயத்துக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்கு, டச்சுக்காரரின் கப்பலில் தூது அனுப்பினார்கள். ஸ்ரீ விஜயன் தொடங்கிய முயற்சி அது, வழியில் கப்பல் உடைந்து, ஆட்கள் இறந்து, இவர் காலத்தில்தான் பலித்தது. 1753-ல் உபாலி தேரர் வந்து சேர்ந்தார். இன்றைக்கும் இலங்கையில் பெரிய நிகாயம், அதாவது பிக்குகளின் பிரிவு, சியாம் நிகாயம். அதன் மல்வத்தை விகாரை இதோ, ஏரிக்கு அந்தப் பக்கம். கமராவைக் கொஞ்சம் திருப்புகிறேன், தெரிகிறதா? கண்டியின் பெரிய திருவிழா ஊர்வலமான பெரஹராவுக்கும் இதில் தொடர்பு உண்டு. முன்பு அது கோயில் தெய்வங்களுக்கான ஊர்வலம். தலதாவை, அதாவது புத்தரின் புனிதப் பல்லை, முன்னே வைத்து இன்று நாம் பார்க்கிற உருவத்துக்குக் கொண்டுவந்தது கீர்த்தி ஸ்ரீதான்.

இவ்வளவு செய்தும் 1760-ல் அவரைக் கொல்லச் சதி நடந்தது. அவர் வீட்டுக்குள் திருநீறு பூசுவதை விடவில்லை என்பது ஒரு குறை. விகாரையில் அவர் உட்காரும் ஆசனத்துக்குக் கீழே குழி வெட்டி, ஈட்டிபோல முளைகளை நட்டு மூடி வைத்திருந்தார்கள் என்று சொல்வார்கள். முன்கூட்டியே தெரிந்துவிட்டதால் தப்பினார். சதியில் பிக்குகளின் தலைவரான சங்கராஜர் சரணங்கரரும் இருந்தார். உபசம்பதாவைத் திரும்பக் கொண்டுவர ராசா எவரோடு சேர்ந்து பாடுபட்டாரோ, அவரேதான். சிலகாலம் காவலில் வைத்துவிட்டு, மன்னித்துப் பதவியைத் திருப்பிக் கொடுத்தார் ராசா. அந்த மனது பெரிய மனது.

ராஜாதி ராஜசிங்கன் நன்றாகப் படித்தவர், சிங்களத்தில் காவியம் எழுதியவர். அதோ அந்த மரத்தூண் மண்டபம், மகுல் மடுவ, அவர் தொடங்கியது. அதை மறந்துவிடாதீர்கள், திரும்ப வருவோம்.

அப்புறம் 1798. மகா அதிகாரம், அதாவது முதல் மந்திரி, பிலிமத்தலாவ, 18 வயதுக் கண்ணுசாமியைத் தேர்ந்தெடுத்து முடி சூட்டினார். பையன் சொன்னபடி கேட்பான் என்பது கணக்கு. பையன் கேட்கவில்லை. 1803-ல் வெள்ளைக்காரன் படையோடு கண்டிக்குள் வந்தபோது ராசா ஊரைக் காலி செய்துவிட்டு மலைக்குள் போய்விட்டார். வெள்ளைக்காரன் முத்துசாமி என்ற இன்னொரு நாயக்க உறவினரை அரியணையில் உட்கார வைத்தான். மழையும் காய்ச்சலும் அந்தப் படையைத் தின்றன. ஜூன் மாதம் அவர்களின் தளபதி மேஜர் டேவி சரணடைந்தார். மகாவலி ஆற்றில் வெள்ளம், கடக்க முடியாமல் வட்டாபுலுவையில் மாட்டிக்கொண்டார்கள். முத்துசாமியும் கொல்லப்பட்டார், சிப்பாய்களும் கொல்லப்பட்டார்கள். அந்தத் தோல்வியை வெள்ளைக்காரன் 12 வருடம் மறக்கவில்லை.

இந்த ஏரி வெட்டியது அதற்குப் பிறகு. முன்பு இது வயல். தேவேந்திர மூலாச்சாரியார் வேலையை நடத்தினார், எண்கோண மண்டபமும் அவர் கைவேலை. நமக்கு இன்று அழகு. மண் சுமந்த குடியானவர்களுக்கு அது கட்டாய ஊழியம். பயிர் வேலையை விட்டுவிட்டு வந்து வெட்டினார்கள், அந்த வெறுப்பு ராசாமேல் ஏறியது. பிலிமத்தலாவ சதி செய்து பிடிபட்டு மரண தண்டனை பெற்றார். அடுத்த அதிகாரம் எகலப்பொல 1814-ல் ஆங்கிலேயர் பக்கம் ஓடினார்.

அதற்குப் பழியாக ராசா என்ன செய்தார் என்பதை மறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. எகலப்பொலவின் பிள்ளைகளைத் தலைவெட்ட உத்தரவிட்டார். மூத்தவன் பயந்து அம்மாவின் பின்னால் ஒளிந்தபோது சின்னவன் மத்தும பண்டார முன்னே வந்து கழுத்தை நீட்டினான் என்ற கதை இங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். தாயைப் போகம்பரைக் குளத்தில் மூழ்கடித்தார்கள். நம் ராசா என்று அப்பாயி சொன்ன அதே ஆள்தான் இதையும் செய்தார். இரண்டையும் சேர்த்துத்தான் நான் சொல்வேன்.

ஆனால் அவர் விழுந்தது அந்தப் பாவத்தால் மட்டும் இல்லை. ஜோன் டொய்லி என்ற ஆங்கிலேய அதிகாரி வருடக்கணக்காகப் பிரதானிகளுக்குள் ஆள் வைத்து, ஒவ்வொருவராகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார். 1815 பெப்ரவரியில் படை கண்டிக்குள் நுழைந்தபோது எதிர்க்க யாரும் இல்லை. பெப்ரவரி 18-ல் மெதமகாநுவரவில் ஒரு வீட்டில் ஒளிந்திருந்த ராசாவைப் பிடித்தார்கள். பிடித்தவர்கள் வெள்ளைக்காரர்கள் இல்லை, அவருடைய சொந்தக் குடிமக்கள். ராணிகளின் நகைகளைக்கூடப் பிடுங்கினார்கள்.

மார்ச் 2. அதே மகுல் மடுவ. பிரதானிகளும் ஆளுநர் பிரவுன்ரிக்கும் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். அதில் பௌத்தத்தைக் காப்போம் என்ற வாசகத்தைத்தான் எல்லாரும் எடுத்துச் சொல்வார்கள். நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது வேறு வாசகம். கண்டி ராச்சியத்தின்மேல் 'மலபார்' இனத்தாருக்கு உள்ள உரிமை ஒழிந்தது. வெளியேற்றப்பட்ட மலபார் ஆண்கள் அனுமதி இல்லாமல் திரும்பி வரக்கூடாது. வந்தால் தண்டனை. மலபார் என்று வெள்ளைக்காரன் எழுதியது தமிழரைத்தான்.

இந்த இடத்தில் நான் ஒவ்வொரு தடவையும் நின்றுவிடுவேன் மக்களே. ஏனென்றால் பத்துப் பன்னிரண்டு வருடத்துக்குள், அதே ஆங்கிலேய ஆட்சி, கோப்பிக்காக அதே மலைகளுக்கு, அதே தமிழ்நாட்டிலிருந்து ஆட்களைக் கூட்டிவரத் தொடங்கியது. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியில் நடந்து, மாத்தளை வழியாக ஏறி வந்தார்கள். வழியிலேயே எத்தனை பேர் விழுந்தார்கள். அவர்களில்தான் என் அப்பாயியின் முன்னோரும் இருந்திருப்பார்கள். ராசாவாக வந்த தமிழனுக்கு மலையின் கதவை அடைத்தார்கள், கூலியாக வந்த தமிழனுக்கு அதே கதவைத் திறந்தார்கள். எனக்கு ஒரு தடவை ஒரு கந்தோரில் ஒருவர் "நீங்கள் நேற்று வந்தவர்கள்" என்றார். அன்று பதில் சொல்ல வாய் வரவில்லை. இன்று இந்தச் சுவரைத் தொட்டுக்கொண்டு பேசுகிறேன்.

இன்னொன்று. 1817-ல் ஊவாவில் வெள்ளைக்காரனுக்கு எதிராக மக்கள் கிளம்பினார்கள். கெப்பெட்டிபொல என்ற பிரதானி உயிர் கொடுத்த கலகம் அது. அவர்கள் ராசாவாக முன்னே நிறுத்திய ஆள், வில்பாவே என்ற முன்னாள் பிக்கு. அவர் தன்னை என்ன பெயரில் அறிவித்தார் தெரியுமா? துரைசாமி. நாயக்க ராசாவின் உறவினன் என்று. விரட்டி இரண்டு வருடமான அந்த வீட்டின் பெயரைச் சொன்னால்தான் சனம் ராசா என்று நம்பும், அந்த நிலை அப்போதும் இருந்தது. நம் தேசியக் கொடியில் நிற்கிற சிங்கமும் ஸ்ரீ விக்கிரமனின் கொடியில் இருந்த சிங்கம்தான்.

ராசாவை 1816 ஜனவரியில் கொழும்பிலிருந்து கப்பலேற்றி, சென்னை வழியாக வேலூர்க் கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். 16 வருடம் அங்கேயே சிறை. அங்கேதான் அவருக்கு ஓர் ஆண்பிள்ளை பிறந்தது. அந்தப் பிள்ளைக்கும் ராஜாதி ராஜசிங்கன் என்றே பேர் வைத்தார். 1832 ஜனவரி 30-ல் ராசா இறந்தார், வயது 52. மகன் 1843-ல் வாரிசு இல்லாமல் இறந்தான். அதோடு அந்தக் குடும்பத்தின் அரச வழி முடிந்தது.

பாலாற்றங்கரையில் ராசாவின் சமாதி இருக்கிறது. 1990-ல் தமிழ்நாட்டு அரசு அங்கே முத்து மண்டபம் கட்டித் திறந்தது. எனக்கு இன்னும் போகக் கிடைக்கவில்லை. வேலூர்ப் பக்கம் இருந்து இதைப் பார்க்கிற அண்ணா, அக்கா யாராவது இருந்தால், ஒரு நாள் அங்கே போய் இரண்டு நிமிடம் படம் பிடித்து எனக்கு அனுப்புங்கள். அப்பாயி இப்போது நடக்க முடியாமல் இருக்கிறார். அவருக்குக் காட்ட வேண்டும். நானும் பதிலுக்கு இந்தச் சுவரின் கடைசிக் கல்லை உங்களுக்காகக் கிட்டப் பிடித்துக் காட்டுகிறேன், இதோ.