யூதர் வீட்டில் எந்தச் செலவுக்குக் கணக்குப் பார்க்கிறார்கள், எதற்குப் பார்ப்பதில்லை

வணக்கம் மக்களே. முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்க்கும் வீட்டுக்குள் கேமராவைத் திருப்ப மாட்டேன். அது அவர்கள் வீடு. என் அறையில் உட்கார்ந்துதான் பேசுகிறேன். காட்டக்கூடிய பொருள்களை மட்டும் இந்த மேசையில் எடுத்து வைத்திருக்கிறேன்.

புதிதாக வந்தவர்களுக்கு: நான் இஸ்ரேலில், டெல் அவீவுக்குப் பக்கத்தில் பினே பிராக் என்ற ஊரில், வயதான ஒரு பாட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன். வீட்டில் எல்லோரும் அவரைச் சவ்தா என்று கூப்பிடுகிறார்கள், நானும் அப்படித்தான். மளிகை வாங்குவது, சமையலில் கூட நிற்பது, பில்களை எடுத்து வைப்பது எல்லாம் நான்தான். இது மதக் கட்டுப்பாடு அதிகம் உள்ள குடும்பம். இஸ்ரேலில் இருக்கும் எல்லா யூதர்களும் இப்படி வாழ்வதில்லை, அதை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

இதோ, கையில் வைத்திருப்பது மெசூசா உறை. மெசூசா என்பது வேத வசனங்கள் எழுதிய தோல் சுருள், அதை உறைக்குள் வைத்து வாசலில் மாட்டுவார்கள். விரல் நீளம், பிளாஸ்டிக், சந்தையில் சில ஷெக்கலுக்கு (இஸ்ரேல் பணம்) கிடைக்கும். வாசல் நிலையில், உள்ளே நுழையும்போது வலது கைப் பக்கம் சாய்வாக அடித்திருப்பார்கள். குளியலறை, கழிவறை தவிர எல்லா அறை வாசலிலும் இருக்கும். வெள்ளியில், கண்ணாடியில், ஜெருசலேம் கல்லில் என்று அழகழகான உறைகளும் விற்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் அவற்றைத்தான் விரும்பி வாங்கிப் போவார்கள். சவ்தா வீட்டில் எல்லா வாசலிலும் இந்தப் பிளாஸ்டிக் உறைதான்.

ஆனால் உள்ளே சுருட்டி வைத்திருக்கும் தோல் விஷயத்தில் கதையே வேறு. பதப்படுத்திய தோலில், இறகுப் பேனாவால், அதற்கென்று பயிற்சி பெற்ற எழுத்தர் உட்கார்ந்து எழுதியது. யூத வேதமான தோராவின் ஐந்தாம் புத்தகமான உபாகமத்திலிருந்து இரண்டு பகுதிகள், 22 வரி, 713 எழுத்து. ஓர் எழுத்து விட்டுப்போனாலும் சுருள் செல்லாது. எழுத்துகளை வரிசையாகத்தான் எழுத வேண்டும் என்பதால், விட்டதைப் பிறகு நடுவில் சேர்க்கவும் முடியாது. கடைசி வரியில் நின்றுகொண்டு முதல் வரியில் ஒரு பிழை தெரிந்தால் அத்தனை உழைப்பும் வீண். நல்ல சுருள் ஒன்று சில நூறு ஷெக்கல் ஆவது அதனால்தான். காகிதத்தில் அச்சடித்த மலிவு மெசூசாவும் விற்கிறது. அது பார்க்க அப்படியே இருக்கும், ஆனால் யூத மதச் சட்டப்படி அந்த வாசலில் மெசூசா இல்லை என்றுதான் கணக்கு.

ஏழு ஆண்டில் இரண்டு முறை இவற்றைச் சோதிக்க வேண்டும். சோதிப்பவர் வந்த அன்று நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துணி விரித்து, ஒவ்வொரு சுருளாகப் பிரித்து, பூதக்கண்ணாடி வைத்து எழுத்து எழுத்தாகப் போனார். சமையலறை வாசல் சுருளில் ஓர் எழுத்தின் மை வெடித்து நடுவில் பிளந்திருந்தது. என் கண்ணுக்கு அது மயிரிழைக் கோடு. அவர் வேறு சுருள் வாங்கச் சொல்லிவிட்டார். தக்காளி விலைக்கு மூன்று கடை ஏறி இறங்குகிற சவ்தா, விலை குறைத்துக் கேட்காமல் பணத்தை எடுத்து வைத்தார். உறையை மாற்றலாமா என்று மகள் கேட்டதற்கு, பழையதே நன்றாகத்தானே இருக்கிறது என்றார்.

இந்த வீட்டின் பணக் கணக்கு எனக்குப் பிடிபட்டது அன்றைக்குத்தான். கண்ணில் படுவதற்கு அல்ல, காரியம் செல்லுபடியாவதற்குத்தான் இவர்கள் பணம் கொடுக்கிறார்கள்.

சவ்தாவின் பேரன் ஒருவர் கொலேலில், அதாவது கல்யாணமான ஆண்கள் படிக்கும் மதக் கல்விக்கூடத்தில், தல்மூத் படிக்கிறார். தல்மூத் என்பது யூத மதச் சட்ட விவாதங்களின் பழைய தொகுப்பு. அவரிடம் இதைக் கேட்டேன். இந்தக் கேள்விகளெல்லாம் தல்மூதிலேயே இருக்கிறது என்று மூன்று இடங்களைச் சொன்னார். ஒன்று, கையில் காசு குறைவு, வெள்ளிக்கிழமை மாலை தொடங்கும் ஷப்பாத் என்ற வார ஓய்வு நாளுக்கு, வீட்டு விளக்குக்கு எண்ணெய் வாங்குவதா, கித்துஷ் என்ற ஆசீர்வாதச் சடங்குக்குத் திராட்சை ரசம் வாங்குவதா? விளக்கு முதலில். காரணம், வீட்டில் அமைதி. இருட்டில் தடுக்கி விழுந்து ஒருவர் மேல் ஒருவர் எரிந்து விழுந்தால் ஓய்வு நாள் ஏது? ஹனுக்கா பண்டிகை விளக்கா, வீட்டு விளக்கா என்றாலும் வீட்டு விளக்குதான். ஹனுக்கா விளக்கா, ரசமா என்றால் ஹனுக்கா விளக்கு. இப்படி வரிசை போட்டே வைத்திருக்கிறார்கள். ரசம் இல்லாவிட்டால் அந்த இரவு ஹல்லா ரொட்டி மீதே கித்துஷ் சொல்லிக்கொள்ளலாம்.

இரண்டாவது இன்னும் அழகு. ஒரு மனிதனின் வருஷத்துச் சாப்பாட்டு வரவு யூதப் புத்தாண்டுக்கும் யோம் கிப்பூர் என்ற பாவ மன்னிப்பு நாளுக்கும் நடுவில் மேலே கடவுளிடம் முடிவாகிவிடுகிறதாம். ஆனால் ஷப்பாத் செலவு, பண்டிகைச் செலவு, பிள்ளைகளுக்குத் தோரா கற்பிக்கும் செலவு மூன்றும் அந்தக் கணக்கில் சேராது. அதற்குக் குறைத்துச் செலவழித்தால் குறைத்துத் தருவார்கள், கூட்டிச் செலவழித்தால் கூட்டித் தருவார்கள். சவ்தா வீட்டில் ஞாயிறு முதல் வியாழன் வரை முட்டை, வெள்ளரி சாலட், லெபன் தயிர், நேற்றைய சூப். வெள்ளி இரவு மீன், கோழி, இரண்டு ஹல்லா, நல்ல மேசை விரிப்பு. ஒரே பர்ஸ்தான்.

சரி, இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? அதற்கும் பழங்கால யூத அறிஞர் ரபி அகிவா சொன்னது இருக்கிறது: உன் ஷப்பாத்தைச் சாதாரண நாள்போல ஆக்கிக்கொள், பிறர் கையை எதிர்பார்க்காதே. இரண்டும் ஒரே தல்மூதில். ஓய்வு நாளுக்குத் தாராளமாகச் செலவழி என்று சொன்ன அதே மரபு, அதற்காக யாரிடமும் போய் நிற்காதே என்றும் சொல்கிறது. எனக்கு இது மிகவும் பிடித்தது. மூன்றாவது: தனக்குள்ளதைவிடக் குறைத்துச் சாப்பிடு, உள்ளதற்கேற்ப உடுத்து, மனைவி மக்களை உள்ளதற்கு மேலேயும் கௌரவப்படுத்து.

அப்புறம் பாத்திரம். இறைச்சிக்கு ஒரு செட், பாலுக்கு ஒரு செட், புளித்த மாவு எதுவும் சேர்க்காத பெசாக் பண்டிகைக்கென்று இந்த இரண்டிலும் தனித்தனியாக இன்னொரு செட். கேட்கும்போது எவ்வளவு வீண் செலவு என்று தோன்றும். கோஷர் வீட்டில், அதாவது பாலையும் இறைச்சியையும் கலக்கக் கூடாது என்பது போன்ற யூத உணவு விதிகளைப் பார்க்கும் வீட்டில், அது தவிர்க்க முடியாத செலவு, அதனால் எங்கே மிச்சம் பிடிக்கலாம் என்பதுதான் கேள்வி. என் பதில்: சமைக்கும் பாத்திரம் எல்லாம் எவர்சில்வர். பீங்கானும் மண்ணும் அழகுதான், ஆனால் அதில் பாலும் இறைச்சியும் சூடாகக் கலந்து கெட்டுப்போனால் திருத்த வழியில்லை. உலோகத்தைக் கொதிநீரில் முக்கி மீட்டுவிடலாம். பெசாக்குக்கு முன் இந்தத் தெருவிலேயே பெரிய அண்டாவில் தண்ணீர் கொதிக்கும், குடும்பம் குடும்பமாகக் கரண்டி, சட்டி தூக்கிக்கொண்டு வருவார்கள்.

போன குளிர்காலத்தில் கொள்ளுப்பேத்தி ஒருத்தி தயிர் சாப்பிட்ட ஸ்பூனைக் கொதிக்கிற கோழி சூப்புக்குள் விட்டுவிட்டாள். பெரிய சட்டி, வெள்ளி மதியம், வீடு நிறைய ஆள் வரப்போகிறது. கொட்டிவிடுவார்களோ என்று எனக்குப் பதற்றம். சவ்தா அமைதியாக ராவுக்கு, அதாவது மதச் சட்டம் சொல்லும் ரபிக்கு, போன் போட்டார். சட்டியில் எவ்வளவு சூப், ஸ்பூன் எதனால் ஆனது, எவ்வளவு உள்ளே போனது என்று அவர் கேட்டார். உள்ளே போனதைவிட அறுபது மடங்குக்கு மேல் சூப் இருக்கிறது, சாப்பிடலாம். ஸ்பூனை மட்டும் ஒரு நாள் தள்ளி வைத்துக் கொதிநீரில் முக்குங்கள் என்றார். அந்தப் போனுக்குக் காசு கிடையாது. இப்படிப்பட்ட கேள்விகளில், தூக்கிப்போட்டால் அந்தக் குடும்பத்துக்குப் பெரிய நஷ்டமா என்பதையும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் வழக்கம் இருக்கிறது.

இதற்கு வேர் தோராவின் இன்னொரு புத்தகமான லேவியராகமத்தில் இருக்கிறதாம். வீட்டுச் சுவரில் தோஷம் தெரிந்தால், ஆசாரியர் வந்து பார்க்கும் முன் சாமான்களை வெளியே எடுத்துவிடு என்கிறது. அவர் தீட்டு என்று சொல்லிவிட்டால் உள்ளே இருப்பதெல்லாம் தீட்டாகிவிடும். ஏன் என்று ரபி மெயிர் கேட்கிறார். துணியையும் உலோகத்தையும் தண்ணீரில் முக்கிச் சுத்தமாக்கலாமே, போனால் போவது மண் பாத்திரம்தானே? அந்த மலிவான மண் பாத்திரத்துக்காகத்தான் தோரா இவ்வளவு அக்கறைப்படுகிறது என்கிறார். காசைக் காப்பாற்றுவதே ஒரு மத காரியம் என்று நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை.

இது பிளாட்டா, ஷப்பாத் சூட்டுத் தட்டு. இது புதிது, நாளைக்கு மகள் வீட்டுக்குப் போகிறது. பாருங்கள், திருகு இல்லை, பொத்தான் இல்லை, வெறும் தட்டும் ஒயரும்தான். ஓய்வு நாளில் சமைக்கக் கூடாது, மின்சாரத்தைப் போடவோ அணைக்கவோ கூடாது. வெள்ளி மாலைக்கு முன் ஹமீன் என்ற, மெதுவாக வேகும் குழம்புச் சட்டியை இதன் மேல் வைத்தால் மறுநாள் மதியம் வரை சூடு நிற்கும். கூடவே ஒரு ஷப்பாத் டைமர். கொடுக்கும் ஒவ்வொரு ஷெக்கலுக்கும் தகும். ஷப்பாத் வசதி உள்ள விலை உயர்ந்த ஓவன் வேண்டுமா என்றால், இதுவே போதும் என்பேன்.

ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் தட்டில்தான் சவ்தாவுக்கும் எனக்கும் ஒத்துப்போகாது. பெரிய குடும்பங்கள் பாத்திரம் கழுவும் பாரத்துக்குப் பயந்து பெட்டி பெட்டியாக வாங்குகிறார்கள். 2021 இறுதியில் அரசு இதன் மேல் வரி போட்டபோது இந்தப் பக்கம் பெரிய கோபம், 2023-இல் எடுத்துவிட்டார்கள். பத்துப் பேர் வரும் ஷப்பாத்துக்கு எனக்கும் அது உதவிதான், மறுக்கவில்லை. தினமும் காலை உணவுக்கும் அதையே எடுப்பது வீண்.

பண்டிகைச் செலவில் ஒரு வரம்பு இருப்பதைச் சொல்ல வேண்டும். சுக்கோத் பண்டிகைக்கு எத்ரோக் வாங்குவார்கள், எலுமிச்சை இனம்தான். சாதாரணப் பழம் ஒரு விலை, கறையில்லாமல் வடிவாக இருப்பது பல மடங்கு விலை. கட்டளையை அழகாகச் செய்ய மூன்றில் ஒரு பங்கு வரை கூட்டிக் கொடுக்கலாம் என்று தல்மூத் அளவு வைத்திருக்கிறது. பெசாக்கில் சாப்பிடும் புளிக்காத ரொட்டியான மட்சாவிலும் அப்படித்தான். கையால் செய்யும் வட்ட மட்சா விலை அதிகம். மாவில் தண்ணீர் பட்டு 18 நிமிஷத்துக்குள் சுட்டு முடிக்க வேண்டும், அத்தனை ஆள் வேலை. சவ்தா பெசாக் தொடக்க விருந்தான சேதர் இரவுக்கு மட்டும் அதை வாங்குகிறார், மற்ற நாளுக்கு மெஷின் மட்சா. இதுதான் சரியான கணக்கு.

விலையை ஏற்றி இவர்களை மடக்கப் பார்த்தவர்களும் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் இன்றைய செக் நாட்டில் உள்ள மொராவியாவின் நிக்கோல்ஸ்பர்க் ஊரில், ஷப்பாத்துக்கு மீன் இல்லாமல் இருக்க மாட்டார்கள் என்று தெரிந்து மீன்காரர்கள் விலையை ஏற்றினார்கள். இரண்டு மாதம் யாரும் மீன் வாங்குவதில்லை என்று ஊர் கட்டுப்பாடு போட்டது. ஷப்பாத்துக்கு மரியாதைக் குறைவு ஆகாதா என்று ரபி மெனாகெம் மெண்டல் க்ரோக்மாலிடம் கேட்டார்கள். ஏழையும் மீன் வாங்க வேண்டுமே, தாராளமாகச் செய்யலாம் என்றார். 1902 மே மாதம் நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடில் கோஷர் இறைச்சி ஒரு பவுண்டு 12 சென்டிலிருந்து 18 ஆனபோது தெருவில் இறங்கியவர்கள் வீட்டுப் பெண்கள். சில வாரங்களில் 14-க்கு இறங்கியது. இங்கே 2011 ஜூனில் காட்டேஜ் சீஸ் டப்பா ஏறக்குறைய 8 ஷெக்கல் ஆனபோதும் மக்கள் வாங்காமல் விட்டுத்தான் விலையை இறக்கினார்கள்.

கடைசியாக, வாங்கவே வேண்டாத பொருள்கள். கெமாக் என்று இங்கே ஒரு ஏற்பாடு உண்டு. யாரோ ஒருவர் தன் வீட்டில் ஒரு பொருளைச் சேர்த்து வைத்து இலவசமாக இரவல் தருவார். கல்யாண உடை, மடக்கு மேசை, நாற்காலி, விருந்தாளிக்குக் கட்டில், பாதி ராத்திரியில் குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து, எல்லாவற்றுக்கும் தனித்தனி கெமாக். பையனின் 13 வயது விழாவான பார் மிட்ஸ்வாவுக்கு மேசை நாற்காலி வாடகைக்கு எடுக்கும் முன் அக்கம்பக்கத்தில் விசாரித்தால் போதும்.

என்னைப் போல இந்த வேலைக்கு வந்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். யாத் சாரா என்ற அமைப்பு 1976-இல் ஜெருசலேமில் தொடங்கியது. சக்கர நாற்காலி, வாக்கர், ஆக்ஸிஜன் கருவி எல்லாம் இரவல் தருகிறார்கள், நாடு முழுக்கக் கிளைகள் உண்டு. சவ்தாவுக்கு இடுப்பு அறுவை சிகிச்சை ஆனபோது, புதிதாக வாங்கலாம் என்று பிள்ளைகள் கடையில் விலை விசாரித்துக்கொண்டிருந்தார்கள். சவ்தாவே வேண்டாம் என்று என்னை யாத் சாராவுக்கு அனுப்பினார். முன்பணம் கட்டி எடுத்து வந்தேன், திருப்பிக் கொடுத்ததும் பணம் வந்துவிட்டது. உங்கள் வீட்டில் யாராவது ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறார்கள் என்றால், வருவதற்கு முந்தைய நாளே கிளைக்குப் போன் செய்து, பொருள் இருக்கிறதா, எத்தனை மணி வரை திறந்திருக்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் போனால் கதவு பூட்டியிருக்கும்.