எரிமலைச் சாம்பல் சாம்பலே இல்லை! அப்படியென்றால் மலை ஏன் வெடிக்கிறது?

[திரை இருட்டு. எங்கோ தொலைவில் இரண்டு முறை குண்டு முழக்கம்.]

1883 ஆகஸ்ட் 27. இந்தியப் பெருங்கடலில் ரோட்ரிக்ஸ் என்று ஒரு சின்னத் தீவு. கிழக்கே பீரங்கி முழங்குகிற மாதிரி சத்தம் கேட்கிறது. அந்தத் தீவின் காவல்துறைத் தலைவர் அதைக் குறித்து வைக்கிறார். ஆனால் அது பீரங்கி இல்லை. இந்தோனேசியாவில் வெடித்த கிரகடோவா எரிமலை! தூரம் சுமார் 4,800 கிலோமீட்டர். அந்தச் சத்தம் கிட்டத்தட்ட நான்கு மணி நேரம் காற்றிலேயே பயணம் செய்து வந்து சேர்ந்திருக்கிறது.

இப்போது இதைப் பாருங்கள்.

[காட்சி: ஹவாயின் கிலாவேயா. செந்நிற லாவா ஆறாக ஓடுகிறது. தள்ளி நின்று மக்கள் படம் எடுக்கிறார்கள்.]

இதுவும் எரிமலைதான். இந்த லாவாவின் சூடு ஏறக்குறைய 1,150 டிகிரி. வெடித்துச் சிதறும் மலைகளுக்குள் இருக்கும் குழம்பு பெரும்பாலும் இதைவிடச் சூடு குறைந்தது. 800, 900 டிகிரி இருக்கும். சூடு அதிகமானது சாதுவாக ஓடுகிறது, குறைந்தது ஊரை அழிக்கிறது. எப்படி?

பாடப்புத்தகப் பகுதியை முப்பது நொடியில் முடித்துவிடுகிறேன், ஓட்டிவிடாதீர்கள். பூமிக்கடியில் உருகிக் கிடக்கும் பாறைக்குப் பெயர் மாக்மா. அதில் சிலிக்கா எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு பிசுபிசுப்பு. சிலிக்கனும் ஆக்சிஜனும் சங்கிலி சங்கிலியாகக் கை கோத்துக்கொள்வதால் குழம்பு நகரவே மறுக்கும். ஹவாய் மாக்மாவில் பாதியளவு சிலிக்கா. ரயோலைட் என்ற வகையில் 70 சதவீதத்துக்கு மேல். சரி, முடிந்தது.

இனி நம்ம ஆள். வெடிக்க வைப்பது நெருப்பு இல்லை, தண்ணீர்!

ஆழத்தில் இருக்கும் அழுத்தத்தில், மாக்மாவுக்குள் நீர் கரைந்தே இருக்கும். எடையில் நூற்றுக்கு நான்கைந்து பங்குகூட இருக்கலாம். குமிழி ஒன்றுகூடக் கிடையாது. மாக்மா மேலே ஏற ஏற அழுத்தம் குறைகிறது, கரைந்திருந்த நீர் ஆவியாகிக் குமிழி விடுகிறது. குமிழி வந்ததும் குழம்பு லேசாகி இன்னும் வேகமாக ஏறுகிறது. ஏறினால் அழுத்தம் இன்னும் குறையும், குமிழி இன்னும் பெருகும். ஒரு கட்டத்துக்கு மேல் பிரேக்கே கிடையாது.

குலுக்கிய சோடா பாட்டில் மாதிரி என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அந்த உவமை பாதிதான் பிடிக்கும். சோடா பொங்கி வழியும், அவ்வளவுதான். சோடா உடைந்து தூளாகிப் பார்த்திருக்கிறீர்களா? மாக்மா உடையும்!

திரவம் எப்படி உடையும்? இதற்காகத்தான் இந்த வீடியோவே எடுத்தேன்.

[காட்சி: கண்ணாடிப் புனல். அதன் நுனியில் தொங்கும் கறுப்புச் சொட்டு.]

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 1927-இல் ஒரு பேராசிரியர் கெட்டியான தாரை உருக்கி ஒரு புனலில் ஊற்றினார். அது ஆறி அமைவதற்கே மூன்று வருடம் விட்டார். 1930-இல் புனலின் நுனியை வெட்டித் திறந்துவிட்டார். அன்றிலிருந்து இன்றுவரை ஒழுகிக்கொண்டிருக்கிறது. இதுவரை விழுந்தது ஒன்பதே சொட்டு! 2000-இல் எட்டாவது சொட்டு விழும்போது கேமரா வைத்துக் காத்திருந்தார்கள். சரியாக அந்த நேரம் பார்த்துக் கேமரா மக்கர் செய்துவிட்டது. எனக்கு ஒரு வீடியோ சரியாகப் பதிவாகவில்லை என்றாலே மனசு ஆறாது, அவர்களை நினைத்துப் பாருங்கள்.

ஆக, தார் ஒரு திரவம். அதே தாரைச் சுத்தியால் ஓங்கி அடித்தால்? சில்லு சில்லாகத் தெறிக்கும். மெதுவாக இழுத்தால் ஒழுகும், வெடுக்கென்று இழுத்தால் முறியும். பிசுபிசுப்பான மாக்மாவுக்கும் இதே குணம்தான். உள்ளே குமிழிகள் படுவேகமாக ஊதுகின்றன. சுற்றியுள்ள குழம்பால் அந்த வேகத்துக்கு வளைந்துகொடுக்க முடிவதில்லை. குமிழிகளின் பங்கு ஏறத்தாழ முக்காலைத் தொடும்போது, இடையிலிருக்கும் மெல்லிய சுவர்கள் படபடவென்று நொறுங்குகின்றன. அதுவரை குமிழி நிறைந்த குழம்பாக இருந்தது, அப்புறம் தூள் கலந்த ஆவியாகிப் பீறிடுகிறது.

அந்தத் தூளைத்தான் சாம்பல் என்கிறோம். எதுவும் எரியவில்லை, எங்கே சாம்பல்? நுண்ணோக்கியில் வைத்துப் பாருங்கள்: வளைந்த, கூர்மையான கண்ணாடிச் சில்லுகள். அந்த வளைவு, உடைந்த குமிழியின் சுவர். நொறுங்காமல் தப்பிய நுரை அப்படியே இறுகினால் நுரைக்கல். கல்தான், ஆனால் தண்ணீரில் மிதக்கும்.

கிலாவேயா மாக்மா இளகியது, குமிழிகள் நழுவி வெளியேறிவிடும். அதற்காக அதை ரொம்பவும் நம்பிவிடாதீர்கள். 1924-இல் வெளியிலிருந்து நிலத்தடி நீர் உள்ளே புகுந்து அதுவும் வெடித்திருக்கிறது.

மூடி திறந்த கதை ஒன்றும் உண்டு. அமெரிக்காவின் செயின்ட் ஹெலன்ஸ் மலை, 1980. உள்ளே மாக்மா ஏறி, வடக்குச் சரிவு நாளுக்கு ஒன்றரை, இரண்டு மீட்டர் என்று வீங்கியது. மே 18 காலை 8:32-க்கு ஒரு நிலநடுக்கம், அந்தச் சரிவு மொத்தமாகச் சரிந்தது. உள்ளே அடைபட்டிருந்த அழுத்தம் பக்கவாட்டில் பாய்ந்தது. 57 பேர் இறந்தார்கள். வேடிக்கை என்னவென்றால், 2004-இல் அதே மலை மீண்டும் விழித்தது. அதேபோலப் பிசுபிசுப்பான குழம்பு. ஆனால் மெதுவாக ஏறியதால் வாயு வழியிலேயே கசிந்துவிட்டது. நான்கு வருடம் பற்பசை மாதிரிப் பிதுங்கி, ஒரு மேடாகக் குவிந்தது. பிசுபிசுப்பு மட்டும் போதாது, வேகமும் சேரவேண்டும்.

கண்ணாடி என்றேனே, அதை விமானத்தில் பறந்தபடி தெரிந்துகொண்டவர்கள் இருக்கிறார்கள். 1982 ஜூன் 24, இரவு. ஜாவா தீவின் கலுங்கூங் எரிமலை கக்கிய தூளுக்குள் ஒரு ஜம்போ விமானம் நுழைந்தது. தூள் எஞ்சினுக்குள் போய் உருகி ஒட்டிக்கொண்டது. நான்கு எஞ்சின்களும் நின்றன. விமானம் சறுக்கியபடி இறங்கியது. எஞ்சின்கள் ஆறியதும் ஒட்டியிருந்த கண்ணாடி இறுகியது, அப்புறம் வழக்கம்போல உடைந்து உதிர்ந்தது! எஞ்சின்கள் மறுபடி ஓடின. ஜகார்த்தாவில் இறங்கும்போது முன்கண்ணாடி முழுக்க உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி மங்கிப்போயிருந்தது. ஓரத்தில் தப்பிய ஒரு கீற்று வழியாக ஓடுபாதையைப் பார்த்துத்தான் விமானி இறக்கினார்.